கடைசி பஸ்ஸில் கேட்ட முடிவுகள்

சினிமா என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு தியேட்டரில் ஒரு படத்தைக்கூட முடிவு வரை பார்த்ததில்லை. எங்கள் ஊர் கவுஞ்சி. பூண்டு எடுத்து முடிந்ததும் என் வீட்டுக்காரர் என்னைப் பழனிக்குப் படம் பார்க்கக் கூட்டிப்போவார். மலைக்குத் திரும்பும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க, கிளைமாக்ஸ் தொடங்கும்போதே எழுந்தாக வேண்டும்.

"வெரசா வா புள்ள, மிச்சத்த நான் சொல்றேன்" என்பார்.

பஸ் வளைவுகளில் ஏற ஏற, நேரில் பார்த்தவர் போல முடிவைச் சொல்வார். அதிகம் பேசாத மனிதர், அப்போது மட்டும் நிறுத்தமாட்டார்.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு பழனியில் மகள் வீட்டில் இருக்கிறேன். பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விட, டிவிதான் துணை. போன மாதம் ஒரு மத்தியானம், நாங்கள் பாதியில் எழுந்துவந்த படம் ஒன்று ஓடியது. கதாநாயகனின் அக்காவை ஆற்று வெள்ளம் இழுத்துப்போனது. மரக்கிளையைப் பிடித்துக் கரையேறிவிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் வரவேயில்லை.

மகள் வந்தபோது அழுதுகொண்டிருந்தேன்.

"பழைய படத்துக்குப் போயி ஏம்மா அழுகுற?"

"அவ பொழச்சு வந்துட்டான்னு உங்கப்பா சொன்னாருடி."

அப்போதுதான் யோசித்தேன். அவர் சொன்ன எந்தக் கதையிலும் யாரும் சாகவில்லை. எல்லோரும் வீடு வந்து சேர்ந்தார்கள்.

இப்போதெல்லாம் கடைசிக் காட்சிக்கு முன்பே டிவியை அணைத்துவிட்டு, மிச்சத்தை நானே சொல்லிப் பார்க்கிறேன். அவர் செய்தது போல ஒருவரையும் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க எனக்குத் தெரியவில்லை.