பெரியசாமி அண்ணனின் பேய் விளையாட்டும் நான் சொன்ன பொய்யும்

பெரியசாமி அண்ணன் நேற்று மாலை நாமக்கல்லில் காலமானார். இன்று காலை அவருடைய மகள் அழைத்துச் சொன்னாள்.

"அப்பா போன்ல டீச்சரம்மான்னுதாங்க பதிஞ்சு வெச்சிருக்காரு. உங்க பேரே எனக்குத் தெரியாதுங்க" என்றாள். நான் எந்தப் பள்ளியிலும் பணிபுரிந்தவள் அல்லள். எட்டாம் வகுப்போடு நின்றவள்... எஞ்சியதெல்லாம் நானாகப் படித்தது.

எண்பதுகளில் அண்ணன் சூரமங்கலத்தில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். எங்கள் ரயில்வே குடியிருப்பிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அந்நாளில் எங்கள் ஆண்டெனாவில் விழுந்தவை பெரும்பாலும் டெல்லி நிகழ்ச்சிகள், எல்லாம் இந்தி.

வாரம் ஒருமுறை ஒரு பேய்த் தொடர் வரும். "டெஸ்ட் பண்றனுங்க" என்று சொல்லிக்கொண்டு, பழுது நீக்கிய டிவி ஒன்றை அண்ணன் தெருவைப் பார்க்கத் திருப்பி வைப்பார். தெருவே கூடும்.

விளம்பரம் வந்ததும் சத்தத்தைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்புவார். "ஏனுங்க டீச்சரம்மா, இப்ப என்னங்க சொன்னான்?"

தபால் வழியில் பயின்று இரண்டு இந்தித் தேர்வுகளில் நான் தேறியிருந்தேன். அதை அத்தெருவில் அறியாதவர் இலர். அறியச் செய்தவளும் நானே.

ஆனால் என் இந்தி புத்தகத்து இந்தி. அத்தொடரில் அவர்கள் பேசிய வேகத்தில் பத்துக்கு ஒரு சொல்கூட என் காதில் தங்கவில்லை...

தெரியவில்லை என்று சொல்ல நா எழவில்லை. காட்சிகளைப் பார்த்து நானே கதை கட்டினேன். பாழடைந்த பங்களாவில் ஒரு குழந்தை. அதன் பின்னாலேயே வரும் வெள்ளைப்புடவை ஆவி. "குழந்தையைப் பலிகொள்ள வருகிறாள்" என்று அறிவித்தேன்.

"டிவியப் பாத்தா பயமே வர்றதில்லீங்க, டீச்சரக்கா சொன்னாத்தான் வருது" என்பாள் பக்கத்து வீட்டுப் பூங்கொடி. அவள் கேலி செய்தாளா, பாராட்டினாளா... நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அண்ணனுக்குத் துபாயிலிருந்து மைத்துனர் ஒரு சிறிய கம்ப்யூட்டர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். விசைப்பலகை மட்டும்தான், டிவியோடு இணைக்க வேண்டும். டேப்ரிக்கார்டரில் கேசட் ஓடினால் அதற்குள் விளையாட்டு ஏறும்.

பழைய ஆங்கிலப் பத்திரிகைகளைப் பார்த்து அவராகவே ப்ரோகிராம் எழுதக் கற்றார். நான் சொன்ன அந்தக் கதையை வீடியோ கேம் ஆக்கினார்.

சின்னச் சின்னச் சதுரங்களால் ஆன பங்களா. படியிறங்கி வரும் வெள்ளைப்புடவை. கீழே குழந்தை. நாம் எலுமிச்சம்பழம் எறிய வேண்டும். மூன்று பட்டால் ஆவி மறையும்.

முதல் ஸ்கிரீனுக்கு ஒரு வரி கேட்டார். "குழந்தையைக் காப்பாத்துங்கன்னு போட்டுறலாங்களா?" 'காப்பாற்றுக' என்பதே முறை என்று திருத்தினேன். ஆங்கில எழுத்துகளில் என் தமிழ் அந்தத் திரையில் மின்னியது.

அவ்வேளையில் ஒரு ரயில்வே அதிகாரியின் மனைவி, வடநாட்டவர், கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கவிருந்தார். சொல்லித்தர ஆள் தேடினார். பட்டம் இல்லாத அண்ணனிடம் காட்டுவதற்கு இந்த விளையாட்டு ஒன்றே இருந்தது. "கூட வாங்க டீச்சரம்மா, இந்தி பேச ஆள் வேணுமல்லங்க" என்று என்னை அழைத்துப் போனார்.

அந்த அம்மையார் என்னிடம் இந்தியில் ஏதோ கேட்டார். தலையை அசைத்து வைத்தேன்.

அண்ணன் விளையாட்டை ஓடவிட்டதும் அம்மையார் இரண்டு எலுமிச்சம்பழம் எறிந்தார். சட்டென்று கையை எடுத்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். "ஐயோ, இவளை ஏன் அடிக்கிறது? இது அந்த டிவி கதையில வர்ற குழந்தையோட அம்மா! செத்துப்போன அம்மா. குழந்தையைக் காப்பாத்த வர்றா!"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார்.

"நான் சரியாகத்தான் சொன்னேன். விளையாட்டுக்காக இவர்தாம் மாற்றிக்கொண்டார்."

அப்படித்தான் சொன்னேன். நா தடுமாறவில்லை.

அண்ணன் அந்த அம்மையார் பக்கம் திரும்பினார். பிறகு, "ஆமாங்க. நான்தானுங்க மாத்திட்டேன்" என்றார்.

"சொன்னதைச் சொன்ன மாதிரி செய்ற ஆள்தான் எனக்கு வேணும்" என்று அந்த அம்மையார் சொல்லிவிட்டார். வேலை வேறொருவருக்குப் போனது.

திரும்பும்போது அண்ணன் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தார். "உச்சி வெயிலாட்டம் இருக்குதுங்க, இப்படி நெழல்ல உக்காருங்க" என்று சன்னல் பக்கம் மாறிக்கொண்டார்.

சில வாரங்கள் கழித்துக் கடைக்குக் கூப்பிட்டார். விளையாட்டைத் திருத்தியிருந்தார்.

எலுமிச்சம்பழங்கள் இல்லை. இப்போது அந்த வெள்ளைப்புடவையை நாம் நடத்திச் செல்ல வேண்டும். படிகள் இடியும், கதவுகள் சாத்திக்கொள்ளும், அவற்றைத் தாண்டிக் குழந்தையிடம் சேர்க்க வேண்டும்.

"உங்க வரிய மட்டும் அப்படியே உட்டுட்டனுங்க. அது இதுக்கும் சரியாத்தானுங்க இருக்குது."

குழந்தையைக் காப்பாற்றுக.

விளையாடினேன். அம்மா குழந்தையிடம் சேர்ந்தாள். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாய் திறந்தேன்...

"திரை மிகத் தெளிவாக உள்ளது" என்றேன்.

"சந்தோசமுங்க" என்றார்.

அடுத்த ஆண்டு கடையை மூடிவிட்டு நாமக்கல் போய், லாரி பாடி கட்டும் பட்டறையில் ஒயரிங் வேலைக்குச் சேர்ந்தார். பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வார். ஒருமுறைகூட அதைக் கேட்டதில்லை. ஒருமுறைகூட நான் சொன்னதும் இல்லை.

இன்று அவர் மகளிடமும் சொல்லவில்லை. "அப்பாவைப் பத்தி ஏதாச்சும் எழுதுங்க டீச்சரம்மா" என்றாள். இதை அவள் படிப்பாள்.

பெரியசாமி அண்ணா... கதையை மாற்றியது நீங்கள் இல்லை. எனக்கு அந்த இந்தி புரியவே இல்லை.

போய் வாருங்கள்.