அருப்புக்கோட்டையில் ஒரு சத்தமில்லாத இடம்

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். அருப்புக்கோட்டைக்கு ஐம்பது கிலோமீட்டர்தான், ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்றார்கள். டிரைவரோ கை காட்டியவர்களுக்கெல்லாம் நிறுத்தினார். பக்கத்து இருக்கை அம்மா என் பையைப் பார்த்து, "உள்ள என்னம்மா, தொட்டுத் தொட்டுப் பாக்குற?" என்று கேட்டார். மைக் என்றேன். "பாட்டுக்காரியா?" என்றார். என் குரலுக்கு அப்படி ஒரு மரியாதை அதுவரை கிடைத்ததில்லை.

தொண்டு நிறுவனங்களின் ஊழியர்களுக்குச் செல்போனில் கேட்கும் பயிற்சிப் பாடங்கள் தயாரிப்பது என் தொழில். அருப்புக்கோட்டையில் ஒரு சிறிய நிறுவனம், மாற்றுத்திறன் குழந்தைகளை அவர்கள் வீட்டுக்கே போய்க் கவனிக்கிறது. புதிதாகச் சேர்ந்த பெண்களுக்காகப் போன வருடம் கோயம்புத்தூர் ஸ்டூடியோவில் பாடங்களை ஜம்மென்று பதிந்து அனுப்பினேன். "நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு, தூக்கம் வருது" என்று பதில் வந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அப்புறம் நானே கேட்டுப் பார்த்தேன். கொட்டாவி வந்தது.

அதனால் இந்தத் தடவை அங்கேயே பதினாறு வருடமாக வேலை பார்க்கும் செல்வியின் குரலில் பதிவதென்று முடிவு. புதிய பெண்களுக்கெல்லாம் அவர்தான் வாத்தியார். ஆனால் வியாழக்கிழமை அவருக்கு மதுரையில் தைராய்டு கட்டி ஆப்பரேஷன். குரல் மாறினாலும் மாறலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "எனக்குன்னு இருக்கிற சொத்து இந்த வாய் ஒண்ணுதான் மேடம். அது போறதுக்குள்ள எடுத்துருங்க" என்று போனில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எட்டரைக்கு அலுவலகம் போய்ச் சேர்ந்தேன். செல்வி குள்ளமான ஆள், கழுத்தில் துண்டு சுற்றியிருந்தார். மைக்கை மேசையில் வைத்ததும் பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓட ஆரம்பித்தது. ஜன்னலைச் சாத்தினேன். எதிர்வீட்டுத் தறியும் சேர்ந்துகொண்டது. "கரண்டு போனா நிக்கும்" என்றார் செல்வி. கரண்டு போவதாக இல்லை.

சத்தமில்லாத இடம் தேடி ஆட்டோ பிடித்துத் திருச்சுழிப் பக்கம் போனோம். நாள் முழுக்க எழுநூறு ரூபாய் என்று பேச்சு. டிரைவர் முனியாண்டிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், நல்ல மீசை. வழி நெடுகக் கரிசல் காடு, சீமைக்கருவேலம், ஆளில்லாத ரோடு. அப்பாடா, இதுதான் இடம் என்று ஒரு கண்மாய்க்கரையில் இறங்கினேன். கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. காற்று மட்டும் தாராளமாக இருந்தது. மைக்கில் லாரி போவது போல் விழுந்தது. காற்று கொஞ்சம் ஓய்ந்தால் எங்கிருந்தோ மயில் அகவும். பத்து மணிக்கு வந்தவர்கள் பன்னிரண்டு வரை ஒரு வாக்கியம் தேற்றவில்லை. போதாததற்கு, மைக்கைப் பார்த்ததும் செல்வியே நியூஸ்காரி ஆகிவிட்டார். "வலிப்பு ஏற்படும் வேளையில் பெற்றோர் பதற்றமடையாமல்..." சரியாப் போச்சு என்று தலையில் கை வைத்தேன்.

"மேடம், பஞ்சுக் குடோன் சரிப்படுமா?" என்றார் முனியாண்டி. "முன்ன நான் பஞ்சு லோடு அடிச்சவன். மொதலாளிட்ட கேட்டுட்டு வாரேன்."

திரும்பவும் அருப்புக்கோட்டை. குடோனுக்குள் கூரைவரை பஞ்சுப் பொதிகள். கையைத் தட்டினேன். எதிரொலியே இல்லை. வெளியே ஓடும் தறியும் கேட்கவில்லை. கோயம்புத்தூரில் மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்து நான் வாங்கும் அமைதி, இங்கே வியர்வையோடு சும்மா கிடைத்தது.

செல்வி மைக்கைப் பார்க்காமல் பேச ஒரு ஆள் வேண்டும். முனியாண்டியை எதிரில் உட்கார்த்தி, வலிப்பு வந்த பிள்ளையின் அம்மா நீங்கள்தான் என்றேன்.

"நானா? இந்த மீசையோடயா?"

"ஏன் தம்பி, மீச இருந்தா புள்ளப் பாசம் வராதா?" என்றார் செல்வி.

முனியாண்டி பொதிமேல் நிமிர்ந்து உட்கார்ந்து, "யக்கா, எம்புள்ளைக்கு வலிப்பு வந்துருச்சு, ஓடியாங்க!" என்றார். செல்வி அவர் பக்கம் திரும்பினார். மைக்கை மறந்துபோனார்.

"பதறாதீக. நான் இங்கனதான் இருக்கேன். பக்கத்துல கெடக்குற சாமானத் தள்ளி வைங்க. கையக் கால அமுக்கிப் பிடிக்காதீக. மெதுவா ஒரு பக்கமாச் சாச்சுப் படுக்க வைங்க. வாயில எதையும் திணிக்காதீக, தண்ணியும் வேணாம். மணியப் பாத்துக்கங்க. அஞ்சு நிமிசம் தாண்டுச்சுன்னா நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க."

முனியாண்டி கையிலிருந்த ஆட்டோச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப சாவியக் கையில குடுக்க வேணாமாக்கா?"

நான் எழுதிக் கொடுத்ததில் அது இல்லை. ரெக்கார்டரை நிறுத்தக் கை போனது, நிறுத்தவில்லை.

"எங்கண்ணன் மகளுக்கு வருது. ஏழு வயசு. வந்துச்சுன்னா இந்தச் சாவியத்தான் கையில திணிப்போம். கொஞ்ச நேரத்துல நின்னுரும்."

"அது தானா நிக்கும் தம்பி. நீ சாவி குடுத்த நேரத்துல நின்னுச்சு, அம்புட்டுத்தான். டாக்டர்ட்ட காட்டுனீகளா?"

"இல்லக்கா. வெளிய தெரிஞ்சா நாளைக்கு ஒரு கல்யாணம் காச்சின்னு..."

"ஏழு வயசுப் புள்ளைக்கு இப்பவே மாப்ள பாக்குறீகளா! மாத்திரைய விடாமக் குடுத்தா எத்தனையோ புள்ளைகளுக்கு நின்னு போயிருக்கு, நான் பாத்திருக்கேன். நாளைக்கு நானே வாரேன். ஒங்கண்ணன வீட்டுல இருக்கச் சொல்லு."

பாடம் என்றால் மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவள் நான். இதில் ஒரு வார்த்தை வெட்ட மனசு வரவில்லை. இதைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று முனியாண்டியிடம் கேட்டேன். "சாவி விசயத்த வச்சுக்கங்க மேடம், எங்கள மாதிரி ஆளுக நெறைய இருக்கோம். புள்ள பேரு மட்டும் வேணாம்" என்றார். இருட்டுவதற்குள் மிச்சப் பாடங்களையும் அதே பொதிகளுக்கு நடுவே முடித்தோம். பஸ் ஸ்டாண்டில் செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டார். "பயமாத்தான் மேடம் இருக்கு" என்றார். அன்றைக்கு முழுக்க அவர் சொல்லாதது அது. அந்தக் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் பஸ் ஏறினேன்.

என் வீட்டில் தறிச் சத்தம் கிடையாது, மயில் கிடையாது. ஒன்றரை மாதம் கழித்து அந்த அமைதியில் உட்கார்ந்திருந்தபோது, தெரியாத நம்பரிலிருந்து போன். காய்ந்த சோளத்தட்டையை உரசின மாதிரி ஒரு குரல் "மேடம்" என்றது. "யாருங்க வேணும்? ராங் நம்பர்" என்று வைக்கப் போனேன்.

அந்தப் பக்கம் எதையோ தட்டித் தேடும் சத்தம். பிறகு தெளிவாக, குடோனில் கேட்ட அதே குரல் வந்தது. "பதறாதீக. நான் இங்கனதான் இருக்கேன். பக்கத்துல கெடக்குற சாமானத் தள்ளி வைங்க..." நான் பதிந்து அனுப்பிய பாடத்தை இன்னொரு போனில் ஓடவிட்டிருந்தார்.

"செல்வி!" என்றேன். அழுதுவிட்டேன்.

பாடம் நின்றது. "முனியாண்டி வீட்டுப் புள்ளைக்கு மாத்திர ஆரம்பிச்சாச்சு மேடம்" என்றது சோளத்தட்டைக் குரல். நான் அழுவது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். இந்தத் தடவை அந்தக் குரலே சொன்னது:

"பதறாதீக. நான் இங்கனதான் இருக்கேன்."