பச்சைத் தண்ணீரும் பதினான்கு மீன்களும்

வீட்டுக் குளம் பார்த்துக்கொள்கிற தொழிலில், தண்ணீர் தெளிவாக இருந்தால் அது வீட்டுக்காரரின் ராசி, பச்சையாக இருந்தால் அது நம் குற்றம். என்னைப் போல் பாசியோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகாயத்தாமரை

அணுபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சார் வீடு கட்டி, பின்பக்கம் சிமெண்டுக் குளம் வைத்து, சிவப்பும் வெள்ளையுமாகப் கோய் என்கிற அலங்கார மீன் பதினான்கு விட்டிருந்தார். தண்ணீரோ கீரை மசித்த மாதிரி இருந்தது. இரண்டு மாதத்தில் மாப்பிள்ளை வீட்டார் நிச்சயம் பேச வருகிறார்கள், அதற்குள் தெளியவில்லை என்றால் தனபாலைக் கூப்பிட்டு மருந்து ஊற்றச் சொல்வேன் என்றார்.

தனபால் என் மனைவியின் தம்பி. மகாபலிபுரம் பக்கம் என் கையில் இருந்த மூன்று குளங்களை, ‘அவர் களையைக் கொண்டுவந்து போடுவார்’ என்று சொல்லியே பறித்துக்கொண்டவன். எனக்கு மிஞ்சியது இந்தக் குளம்தான். அவன் மகள் காதுகுத்துக்குப் போனபோதுகூடச் சாப்பிட்டேன், பேசவில்லை.

பாசி தின்பதைத்தான் செடியும் தின்னும். செடி முந்திக்கொண்டால் பாசி பட்டினி. அதனால் ஏரியில் ஆகாயத்தாமரை அள்ளிக்கொண்டு சைக்கிளில் வந்தேன். வழியில் தனபால் வண்டியை நிறுத்திப் பார்த்தான்.

“இன்னா மாமா, ஊரே இத்த வாரி வெளிய கொட்டிகினு கீது, நீ கூடையில வச்சி உள்ள வுட எடுத்துகினு போற?”

கூழாங்கல்

ஆகாயத்தாமரையின் வேரை மீன் கடிக்கும். அதற்கு வலை கட்டினேன். வெயில் இறங்காமல் இருக்க, களிமண் தொட்டியில் அல்லி நட்டுக் குளத்தின் அடியில் வைத்தேன். மண்ணை மீன் கிளறக்கூடாது என்று மேலே கூழாங்கல்லும் பரப்பினேன். கல் சின்னது. அது என் தப்புதான். ராத்திரியோடு ராத்திரியாக மீன்கள் கல்லை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வெளியே துப்பிவிட்டு, கிழங்கைத் தோண்டி எடுத்துவிட்டன. காலையில் தண்ணீர் டீ மாதிரி இருந்தது. முஷ்டி அளவு கல் தேடிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். சாரின் மனைவி குளத்தங்கரையில் நின்று அமைதியாகச் சொன்னார்.

“செடி நட்டா வேர் புடிக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன், உங்க செடி நீச்சல் பழகுதே ஏழுமலை.”

பொரி

நாலாவது வாரம் இலை பாதிக் குளத்தை மூடிவிட்டது. தண்ணீர் மட்டும் பச்சை விடவில்லை. ஒரு சனிக்கிழமை, வழக்கமில்லாத நாளில் போனேன். சார் பை பையாகப் பொரி கொட்டிக்கொண்டிருந்தார். மகள் கல்யாணம் தடையில்லாமல் முடிய, ஒன்பது சனிக்கிழமை மீனுக்குப் பொரி போட ஜோசியர் சொன்னாராம். மிச்சப் பொரி அழுகுகிறது, மீன் தின்ற பொரியும் கழிவாகி வருகிறது, இரண்டும் பாசிக்குத்தான் சாப்பாடு என்றேன். சாருக்குப் புரிந்தது, ஆனால் நிறுத்தப் பயம். திருக்கழுக்குன்றம் குளத்திலும் மீன் இருக்கிறதே என்று கேட்டுவைத்தேன். அவர் அங்கேயே ஜோசியருக்குப் போன் போட்டார். பேசி முடித்துவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்.

“‘மீனுக்குப் போடச் சொன்னேன், உங்க மீனுக்குன்னா சொன்னேன்’னு கேக்குறாரு.”

நிச்சயம்

பொரி ஊர் மாறியதும் தண்ணீர் மெல்ல மாறியது. மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று குளத்தின் அடியில் கொத்தனார் கரண்டி இழுத்த கோடுகூடத் தெரிந்தது. பேச்சு நல்லபடியாக முடிந்தது. தனபாலை யாரும் கூப்பிடவில்லை. சாப்பிட்டபின், சார் அவர்களைப் பெருமையாகப் பின்பக்கம் அழைத்துவந்தார். உச்சி வெயில். பதினான்கு மீனும் அல்லி இலைக்கு அடியில் போய் நின்றுகொண்டன. கால் மணி நேரம் ஒரு வால்கூட வெளியே வரவில்லை. மாப்பிள்ளையின் அப்பா குனிந்து பார்த்துவிட்டு, சாரின் தோளில் கை வைத்தார்.

“அல்லிக்குளம் பிரமாதம் சம்பந்தி, இதுல நாலு மீன் வாங்கி விட்டீங்கன்னா இன்னும் அழகா இருக்கும்.”

செடி வைத்துப் பாசியை அடக்கிவிடலாம், ஆனால் சம்பந்தி வருகிற நேரத்தில் மீனை வெளியே வந்து நிற்கவைக்கிற வித்தை எனக்கு இன்னும் பிடிபடவில்லை.