அடுப்புக்குப் போன மூன்று கல்

மலரு, செல்வா, நீங்கள் இரண்டு பேரும் இரண்டு நாட்டில் இருக்கிறீர்கள். முடிந்தால் இதை ஒரே நாளில் படியுங்கள். ஒருத்தர் முதலில் படித்துவிட்டு மற்றவருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட வேண்டாம். நான் பத்தாம் வகுப்போடு பேனாவை மூடி வைத்தவன், கோர்வை தப்பும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலரு கொடுத்தனுப்பிய பொட்டலம் வியாழக்கிழமை கைக்கு வந்தது. அவளோடு படிக்கும் பிள்ளை துபாய் வழியாக ஊருக்குப் போனதால், அல் கூஸில் டூட்டி முடித்து ஏர்போர்ட்டுக்கே போய் வாங்கிக்கொண்டேன். கடலை மிட்டாய் மாதிரி ஏதோ ஒன்று, ஒரு சாவிக்கொத்து, அப்புறம் ஒரு சின்னத் துணிப் பையில் காய்ந்த இலை. "நாங்க நடக்குற பாதை ஓரமா தானா மொளைக்கிறதுப்பா, டீயில போட்டுக் குடிங்க" என்று துண்டுச் சீட்டில் எழுதியிருந்தாள். பையை ரூமில் வைத்துப் பிரித்தேன். ஓமமும் கற்பூரவல்லியும் சேர்ந்தாற்போல ஒரு வாசனை. பிரித்த கையோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் "பிரஷரா அண்ணே?" என்று கேட்டார்.

பிரஷர் இல்லை. அந்த வாசனையை நான் இதற்கு முன்னால் ஓர் ஆளின் டீயில்தான் குடித்திருக்கிறேன். அந்த ஆளைப் பற்றி உங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மலரு இருக்கும் ஸ்பெயின் ஊரின் பெயர் என் வாயில் நுழையவில்லை. கோட்டைச் சுவர் சுற்றிய பழைய ஊர். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பதினைந்து பேர் அந்தச் சுவருக்கு வெளியே இறங்கி, கல் பாலம் தாண்டி, ஒலிவ மரத் தோப்புகள், இடிந்த மாவு மில், ஆட்டுப் பட்டி என்று நாள் முழுக்க நடக்கிறார்கள். நம் ஊரில் இப்படி வேலையில்லாமல் நடந்தால் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். அவள் அனுப்பும் போட்டோ ஒவ்வொன்றையும் பெரிசு பண்ணிப் பார்ப்பேன். முந்தாநாள் ஒரு பாறையை அனுப்பியிருந்தாள். அதன் மேல் வெள்ளையும் மஞ்சளுமாகப் பெருக்கல் குறி. கூடவே குரலும் அனுப்பினாள்:

"அப்பா, வெள்ளக் கோடும் மஞ்சக் கோடும் ஒண்ணு மேல ஒண்ணா இருந்தா சரியான பாத. இப்படிப் பெருக்கல் போட்டிருந்தா அந்தப் பக்கம் போகக் கூடாதாம். அப்புறம் ஒண்ணுப்பா, நீங்க அந்த ஸ்பெயின்காரம்மாவ முதுகுல சொமந்து எறக்குன கதைய எங்க குரூப்ல சொல்லிட்டேன். எல்லாரும் கைதட்டுனாங்க! வர்ற ஞாயித்துக்கெழம வீடியோ கால்ல ஒங்களப் பாக்கணுமாம். வெள்ளச் சட்ட போட்டுக்கங்க, சரியா?"

சட்டையை இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன். இன்றைக்குச் செவ்வாய். அதற்குள் இதை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

கதை உங்களுக்குத் தெரியும். மானாமதுரை வீட்டு ஹாலில், காலண்டருக்கு மேலே மாட்டியிருக்கும் போட்டோ. பிளாஸ்டிக் நாற்காலியில் காலில் கட்டோடு ஒரு வெள்ளைக்காரம்மா, பக்கத்தில் வேர்த்து வழிந்தபடி ஒல்லிக்குச்சியாக நான். "அப்பா ஒத்த ஆளா மலையிலேருந்து தூக்கிட்டு வந்தாரு" என்று செல்வா ஸ்கூலில் பேச்சுப் போட்டியில்கூடப் பேசினான். அந்தம்மா செல்வாவைவிட ஒடிசல். நான்தான் லீவுக்கு வரும்போதெல்லாம் ஐந்து கிலோ ஏற்றி ஏற்றிச் சொல்லியிருக்கிறேன். அது சின்னப் பொய், விடுங்கள்.

மலரு அம்மா வயிற்றில் இருந்த வருஷம் அது. ராஸ் அல் கைமாவில் மலையை உடைத்துக் கல் எடுக்கும் கம்பெனியில் எனக்கு ஹெல்பர் வேலை. கேம்ப் மலையடிவாரத்திலேயே. மெஸ்ஸுக்குப் பின்னால் ஓர் இலந்தை மரம். அந்த மரத்தடியில் ஆட்டுப் பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போனால் மலைச்சனங்கள் விட்டுப்போன பழைய கல் வீடுகள். வெள்ளிக்கிழமை தோறும் துபாயிலிருந்து வெள்ளைக்காரர்கள் கார் போட்டுக்கொண்டு அதைப் பார்க்க நடந்து வருவார்கள். வலது பக்கமும் ஒரு காலத்தில் அங்கேதான் போயிருக்கிறது. ஆனால் எங்கள் கம்பெனி மறுபுறமிருந்து மலையைத் தின்றுகொண்டே வந்ததில், அந்தப் பாதை பாதியில் அறுந்து நின்றது. சரளைச் சரிவு, அதற்கப்பால் பள்ளம்.

அந்தப் பாதையில் ஆடு மேய்த்தவர் மீர் பாய். பலூச்சிக்காரர். தூரத்தில் இருக்கும் ஓர் அரபியின் ஆடுகள். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும், ஆனால் முழங்கால் வரைக்கும் தாடி என்று முருகேசன் கிண்டல் பண்ணுவான். முருகேசன் என் ரூம்காரன், பரமக்குடிப் பக்கம். மீர் பாய் மலையில் பறித்த இலையைப் போட்டுப் பாலில்லாத சுலைமானி டீ காய்ச்சி, எங்களுக்கும் ஆளுக்கு ஒரு கிளாஸ் கொடுப்பார். பாதை பிரியும் இடத்தில், வலது பக்கத்தை மறித்து மூன்று கற்களை வரிசையாக வைத்து, மேலே ஒரு காய்ந்த பேரீச்ச மட்டையைக் குறுக்கே போட்டிருந்தார். "பாய், இதர் நஹி ஜானா. ஆகே ரஸ்தா கலாஸ்", இந்தப் பக்கம் போகாதே, முன்னால் பாதை முடிந்துவிட்டது என்று என்னிடமே கையைக் கழுத்தில் வைத்துக் காட்டியிருக்கிறார். ஆக, தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

வெள்ளிக்கிழமை முருகேசன் கை பிரியாணி. கேம்ப் கிச்சனில் அன்றைக்கு அடுப்புக்குச் சண்டை நடக்கும் என்பதால் இலந்தை மரத்தடியில் விறகு மூட்டுவோம். அந்த வாரம் பார்த்து, எங்கள் அடுப்புக் கல்லை மண் அள்ளும் ஷவல் வண்டிக்காரன் மண்ணோடு தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

"மாப்ள, நாலு தெசையும் கல்லு. அடுப்புக்குத் தோதா மூணு கல்லு கெடைக்கல பாரு" என்றான் முருகேசன்.

கல் உடைக்கும் கம்பெனியில் கல்லுக்குப் பஞ்சம். தட்டையாக, ஒரே உயரமாக மூன்று கல் இருந்தது ஓர் இடத்தில்தான். நான்தான் போய்த் தூக்கி வந்தேன். மட்டையையும் ஒடித்து எரித்தோம்.

"அந்தாளு வந்தா வைவாருடா."

"சாப்ட்டுட்டுத் திருப்பி வச்சிரலாம். கல்லு என்ன தேஞ்சா போகும்?"

பத்து மணி வாக்கில் அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். கையில் குச்சி, தலையில் சிவப்புத் தொப்பி. ஸ்பெயின் என்றார்கள். "ஓல்ட் வில்லேஜ்?" என்று கேட்டார்கள். புகையில் கண் எரிய, கரண்டியை மலைப்பக்கம் ஆட்டி "எஸ், எஸ், நோ பிராப்ளம்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் தலை நிமிர்ந்தபோது சிவப்புத் தொப்பி இரண்டும் வலது பக்கம் ஏறிக்கொண்டிருந்தன. பார்த்தேன், பிள்ளைகளே. கூப்பிட்டிருந்தால் கேட்கும் தூரம். வெங்காயம் சிவந்து கருகப் போகும் நேரம். வழி இல்லையென்றால் தானாகத் திரும்பி வந்துவிடுவார்கள் என்று நினைத்துக் கிண்டினேன்.

பிரியாணியை இறக்காமல், தணலை மூடியின் மேலே போட்டுத் தம்மில் வைத்திருந்தபோது மீர் பாய் ஆடுகளை விட்டுவிட்டு ஓடி வந்தார். "ஊப்பர் கோயி சில்லா ரஹா ஹை!" மேலே யாரோ கத்துகிறார்கள். அவர் முன்னால் ஓட, நான் பின்னால் ஓடினேன். சரளைச் சரிவின் நடுவில் அந்தம்மா. கணுக்கால் புரண்டு, ஒரு முள் செடியைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. பத்தடி கீழே பள்ளம். புருஷன் மேலே மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தார். மீர் பாய்தான் தலைத்துணியை அவிழ்த்துக் கயிறாக முறுக்கி, படுத்தவாக்கில் இறங்கி அந்தம்மாவை இழுத்தார். முதுகில் சுமந்தது நான். என் இடுப்பைப் பிடித்து, அடி வைக்க இடம் காட்டிக் காட்டி இறக்கியது அவர். ஒத்த ஆளா என்பது பெரிய பொய்.

கேம்பில் எல்லோரும் கைதட்டினார்கள். அந்தம்மா என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதது. புருஷன் கேமராவை எடுத்தார். அந்தம்மாவுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் மீர் பாய். அப்போதுதான் சூப்பர்வைசர் பிக்கப்பில் வந்து இறங்கினார். நேராக மீர் பாயிடம் போனார்.

"உன் பாதைதானே? குறி ஏன் வைக்கவில்லை?" ஹிந்தியில்தான் கேட்டார்.

"ரக்கா தா சாப். தீன் பத்தர்." வைத்திருந்தேன், மூன்று கல் என்றார்.

"கஹாங் ஹை பத்தர்?" எங்கே கல்?

மீர் பாய் பாதைப் பிரிவைப் பார்த்தார். வெறும் மண். பிறகு எங்கள் அடுப்பைப் பார்த்தார். சட்டியின் கீழே மூன்று கல்லும் கரி பிடித்துக் கறுப்பாக இருந்தன. பிறகு என்னைப் பார்த்தார். நான் சட்டியைப் பார்த்தேன்.

வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பயம் மட்டும் என்றால் இத்தனை வருஷம் உறுத்தாது. அந்தம்மா இன்னும் என் கையை விடவில்லை. கைதட்டின சத்தம் காதிலேயே இருந்தது. என் பிறப்பில் எனக்காக யாரும் கைதட்டியதில்லை. அதைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை.

மீர் பாய் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "கலாஸ், சாப்" என்றார், அவ்வளவுதான். ஆபீசிலிருந்து அவருடைய கஃபீலுக்கு, அதாவது ஆடுகளுக்குச் சொந்தக்காரரான அந்த அரபிக்கு, போன் போயிற்று. ஆட்டுக்காரன் அஜாக்கிரதை என்று எழுதினார்களாம்.

ரூமில் முருகேசன் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். "நம்மதான் எடுத்தம்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்டா மாப்ள" என்றான்.

"நீ சொல்ல வேண்டியதுதானே?"

"கல்லத் தூக்கியாந்தது நீ. எஸ்ஸு எஸ்ஸுன்னதும் நீ."

மறுநாள் காலை டூட்டிக்குப் போகும்போது பார்த்தேன். வலது பாதையை மறித்து அந்த மூன்று கல்லும் வரிசையாக இருந்தன, கரியோடு. மேலே புதுசாக ஒரு மட்டை. மீர் பாய் மரத்தடியில் ஆடுகளை எண்ணி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் "சலாம் பாய்" என்றேன். "வ அலைக்கும் சலாம்" என்றார், ஆட்டைப் பார்த்தபடியே. அன்றைக்கு டீ இல்லை. வண்டி எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

போன வருஷம் டைல்ஸ் லோடு விஷயமாக ராஸ் அல் கைமா போனபோது டிரைவரிடம் சொல்லி அந்தப் பக்கம் வண்டியை விடச் சொன்னேன். கேம்ப் இல்லை. இலந்தை மரம் இல்லை. இடது பாதை, வலது பாதை என்று பேசுவதற்கு அங்கே மலையே இல்லை. சுண்ணாம்பு நிறத்தில் ஒரு பெரிய பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர். முருகேசனும் ஊரோடு போய்விட்டான். மீர் பாயின் முழுப்பெயர்கூட எனக்குத் தெரியாது. எங்கே போய் யாரிடம் சொல்வது?

அதனால் உங்களிடம் சொல்கிறேன். மலரு, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, வருகிறேன். வந்து இதைத்தான் சொல்லுவேன், நீ அதை அவர்கள் பாஷையில் சொல்ல வேண்டும். உனக்கு வெட்கமாக இருந்தால் கூப்பிடாதே, அப்பா கோபித்துக்கொள்ள மாட்டேன்.

செல்வா, நீ ஹாலுக்குப் போய் அந்தப் போட்டோவை நன்றாகப் பார். அந்தம்மாவின் இடது தோளில் நாலு விரல் தெரியும். சின்ன வயதில் "இது யாரு கைப்பா?" என்று கேட்டாய். நாற்காலியின் நிழல் என்றேன். அந்த ஸ்பெயின்காரர் ஞாபகமாகக் கம்பெனி விலாசத்துக்கு அனுப்பிய படத்தில் மூன்று பேர் இருந்தோம். லீவில் வந்து பஜாரில் பிரேம் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் படம் முழுசாகவே பிரேமுக்குள் அடங்கும் என்றுதான் சொன்னார். மலையை வெட்டியது கம்பெனி. மீர் பாய் நின்ற அந்த மூன்று விரல் அகலத் தாளை வெட்டிப் போடச் சொன்னது நான்.