அறுபது நிமிடக் கசற்றில் செத்துப்போன கதாநாயகன்

பாட்டுக் கசற் முடியும்போது "டக்" என்று ஒரு சத்தம் வரும். அழுத்தி வைத்த பொத்தான் தானாக மேலே துள்ளும், பாடிக்கொண்டிருந்தவரின் குரல் பாதிச் சொல்லில் அறுந்துபோகும், அதன் பிறகு எங்கள் முன்விறாந்தையில் கேட்பது துறைமுகப் பக்கமிருந்து வரும் காற்றின் இரைச்சல் மட்டுந்தான். அந்தச் சத்தத்தை நம்பித்தான் அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கையின் அத்தனை வீடும் ஒரு கதாநாயகனைச் சாகடித்து வைத்திருந்தது.

அது யுத்த காலம். இந்தியாவில் வெளியாகும் படம் எங்களிடம் வந்து சேர மாதக்கணக்காகும். பாட்டுகள் மட்டும் முந்திக்கொண்டு வந்துவிடும். துறைமுக வீதியிலிருந்த "ரெக்கோடிங் பார்" என்ற கடையில் வெற்றுக் கசற்றைக் கொடுத்தால் புதுப்பாட்டுகளை அடித்துத் தருவார்கள். எந்தப் பாட்டு முதலில் வருகிறது, எதில் யார் அழுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டே, இன்னும் வராத படத்தின் கதையை முழுவதுமாகக் கட்டி முடிப்பதுதான் எங்கள் பின்னேர வேலை.

அந்த வருடம் வரவிருந்தது ஒரு படத்தின் இரண்டாம் பாகம். முதற்பாகத்தில் கதாநாயகன் வெளிச்சவீட்டிலிருந்து கடலில் விழுவான், கதாநாயகி கரையில் நிற்பாள், அத்தோடு படம் முடிந்துவிடும். அதைப் பார்த்த நாளிலிருந்து மிச்சத்துக்காக ஏங்கிக்கொண்டிருந்தவர் பக்கத்து வீட்டு றீற்றா அக்கா. அவருக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது; முடிந்த கையோடு மாப்பிள்ளையின் ஊரான மன்னார்ப் பக்கம் போய்விடுவார், அங்கே மின்சாரமே இல்லை. கலியாணத்துக்கு முந்தின நாள் ரீவியும் வீடியோ "டெக்"கும் வாடகைக்கு எடுத்துப் படம் போடுவது எங்கள் பகுதி வழக்கம். அன்று அந்த இரண்டாம் பாகத்தைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்பதுதான் அக்காவின் ஒரே ஆசை.

அவருடைய அம்மாவை நாங்கள் மாமி என்போம். மாமி அந்தப் பாட்டுக் கசற்றைப் போட்டுக் கேட்டார். கடைசிப் பாட்டில் கதாநாயகி தனியே அழுதாள், அழுகை முடியுமுன்னே "டக்".

"இது ஒப்பாரி. கலியாண வீட்டில சாவுப் படம் ஓட விடமாட்டன்" என்றார்.

ஒழுங்கையின் சினிமா நீதவானான அன்ரனும் ஒத்து ஊதினான். "இரண்டாம் பாகம் எண்டாலே பழிவாங்கிற கதைதான் மாமி. ஆள் உயிரோட இருந்தா ஆருக்காகப் பழிவாங்கிறது?"

எதையும் இரண்டு முறை சரிபார்க்கிற குணம் எனக்கு அந்த வயதிலேயே இருந்தது. என் வகுப்பில் படித்த நசீமாவின் வீட்டில் அதே பாட்டுகள் தொண்ணூறு நிமிடக் கசற்றில் இருந்தன. போட்டுக் கேட்டால், அந்த அழுகைப் பாட்டு நடுவில் வந்தது. அதைவிட, எங்கள் கசற்றில் "டக்" விழுந்த இடத்தில் இதில் பாட்டு நிற்கவில்லை. அவள் அழுது ஓய்ந்த பிறகு, தூரத்தில் ஓர் ஆண்குரல் முனகியது; முதற்பாகத்தில் அவன் வள்ளத்தில் துடுப்பு வலிக்கும்போது முனகிய அதே மெட்டு.

நேரே கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணா கூச்சப்படாமல் சொன்னார்: "அறுபதில இடம் காணாது தங்கச்சி. அழுகைப் பாட்டை ஆர் கடைசிவரைக்கும் கேக்கப்போகினம் எண்டு அதைக் கடைசியில போட்டு விட்டனான்."

ஒழுங்கையில் யாருடைய கசற்றும் அறுபதைத் தாண்டாது. இதைச் சொன்னபோதும் அன்ரன் அசையவில்லை.

"அது அவளின்ர மனசில கேக்கிற குரல்."

"மனசில கேக்கிறது கிட்டக் கிட்ட வராது. இது வரவரக் கூடுது" என்றாள் நசீமா.

ஆள் திரும்பி வராவிட்டால் இனிப் படக்கதைக்கு வாயே திறக்கமாட்டேன் என்று நான் மாமியிடம் சொன்னேன். மாமி அரைமனதோடு சம்மதித்தார்: "செத்தானெண்டா அந்த இடத்திலேயே நிப்பாட்டிப்போடுவன்."

கலியாணத்துக்குள் படத்தின் வீடியோக் கசற்றும் வந்து சேர்ந்துவிட்டது. முந்தின நாள், ஊரடங்குக்குப் பயந்து பகலிலேயே, யன்னல்களைப் படுக்கை விரிப்பால் மூடிப் படம் போட்டோம். பாதியில் அந்தப் பாட்டு வந்தது. வெள்ளைச் சீலையில் கதாநாயகி கடற்கரையில் நடந்தாள். மாமி கதிரையை விட்டு எழும்பி டெக்கின் பொத்தானில் விரலை வைத்துவிட்டார்.

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா" என்று றீற்றா அக்கா மாமியின் கையைப் பிடித்தார்.

எங்கள் கசற்றில் "டக்" விழும் இடம் வந்தது, கடந்தது. முனகல் கேட்டது. மெதுவாகக் கூடியது. தாடியோடு ஒருவன் வள்ளத்தைக் கரைக்கு வலித்துக்கொண்டு வந்தான். அறை முழுவதும் கைதட்டிய கைதட்டலில் யன்னல் விரிப்பு ஒன்று கழன்று விழுந்தது. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தாடி இவனுக்கு வடிவாயில்லை" என்றார். அன்ரன் தன் பங்குப் பலகாரத்தை என் மடியில் வைத்தான்.

இன்று அந்த ரெக்கோடிங் பார் கைத்தொலைபேசிக் கடையாகிவிட்டது. என் மகனும் தோழர்களும் எந்தப் படத்துக்கு எத்தனையாம் பாகம், எந்த நாவலை யார் படமாக எடுக்கிறார் என்று இரைந்து வாதிடுகிறார்கள். ஆனால் ட்ரெயிலரே பாதிக் கதையைச் சொல்லிவிடுவதால், பாட்டிலிருந்து ஒரு படத்தைக் கட்டும் வேலை அவர்களுக்கு இல்லை. கசற்றும் இல்லை, அந்த "டக்"கும் இல்லை.

போன கிழமை மன்னாரிலிருந்து றீற்றா அக்கா அழைத்தார். "தங்கச்சி, இவ்வளவு காலத்துக்குப் பிறகு மூன்றாம் பாகம் வருதாம். ட்ரெயிலரில ஆளைச் சுட்டுப்போட்டாங்கள். இருப்பானோ?"

"ட்ரெயிலர் எதில முடியுது?"

"சுட்ட சத்தத்தோட."

"அப்ப அதுவும் ஒரு டக்தான். இருப்பான் அக்கா. இஞ்ச வாங்கோ, சேர்ந்து பாப்பம்."