கண்ணாடியில் ஏறிய தவளை

ஓலொமோவ்ட்ஸ் நகரில் டிராம் ஓட்டும் ராடொவானுக்கு ஆகாயத்தில் பறக்கும் ஆசை ஒரு நாளும் வந்ததில்லை. விமானத்தில் ஏறினால் வயிற்றைப் புரட்டும். ஆனால் அவன் வீட்டு அலமாரி முழுக்கக் கையகலப் போர் விமானங்கள்தான். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் சேர்ப்பதும் சாயம் அடிப்பதும் அவனுக்குச் சமையல் மாதிரி. டெக்கல் ஒட்டுவதுதான் சாப்பாடு. எண், வட்டச் சின்னம், படைப்பிரிவின் படம் எல்லாம் காகிதத்தின் மேல் மெல்லிய தோலாக அச்சாகியிருக்கும். தண்ணீரில் ஊறவைத்தால் காகிதத்தை விட்டு வழுக்கி வரும். அதைத் தூரிகையால் நகர்த்தி விமானத்தின் மேல் உட்காரவைக்க வேண்டும். அதுவரை வெறும் பொம்மையாக இருந்தது, அந்த நொடியில் இன்ன படையின் இன்ன விமானம் என்று தன் பெயரைச் சொல்லத் தொடங்கிவிடும்.

நம் நாட்டுப் படையிடம்கூட இத்தனை விமானம் இருக்காது, தூசி தட்ட ஒரு சிப்பாயையாவது அனுப்பச் சொல் என்பாள் அவன் மனைவி இவோனா. சொல்லிக்கொண்டே அவளே தட்டியும் வைப்பாள்.

அந்த ஆண்டு ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை அவளுடைய அப்பா அலோயிஸுக்கு எழுபதாவது பிறந்தநாள் வந்தது. அவர் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர். கம்யூனிஸ்ட் ஆட்சி போய், கெடுபிடி தளர்ந்த காலத்தில், தன் பொறுப்பில் இருந்த மிக்-21 விமானத்தின் மூக்கில், ஸ்பேனர் பிடித்த பச்சைத் தவளை ஒன்றை வரைந்திருந்தார். அந்த விமானம் பழைய இரும்பாகிப் பல காலம் ஆகிவிட்டது. ஒரு புகைப்படம்கூட வீட்டில் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டால் அவர் பேச்சை மாற்றிவிடுவார். அந்த விமானத்தையே செய்து கொடுத்து அவரை அசத்த வேண்டும் என்று ராடொவான் ரகசியமாக வேலையை ஆரம்பித்தான்.

தவளை டெக்கல்தான் கிடைக்கவில்லை. விமானத் திருவிழாவில் யாரோ எடுத்த படத்தைப் பார்த்து அவனைப் போல் விமான மாடல் செய்வோரின் கிளப்பார் எப்போதோ கொஞ்சம் அச்சடித்திருந்தார்கள். மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதுவும் ஹினெக் என்ற கிளப் நண்பனிடம். பீர்க்கடையில் கூடும்போதெல்லாம் ராடொவான் கேட்பான். ஹினெக் நுரையைத் துடைத்துக்கொண்டு தலையாட்டி மறுப்பான். பிறந்தநாள் விஷயத்தைக் கேட்டபிறகுதான் மனம் இளகினான்.

"குடுக்குறேன். ஆனா ஒட்டணும்டா. பொட்டிக்குள்ள வச்சுப் பூட்டினேன்னு தெரிஞ்சுது, ஆயுசுக்கும் உன் டிராம்ல டிக்கெட் எடுக்க மாட்டேன்."

தீப்பெட்டி அளவே இருந்த அந்தத் தாள் பழைய பல் போல மஞ்சளித்திருந்தது. அதற்கு மாடல்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு: படம் வெளியே பார்க்கும்படி ஜன்னல் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டிவிட்டால், வெயில் மஞ்சளை உறிஞ்சிவிடும். ராடொவான் படுக்கையறை ஜன்னலில் ஒட்டினான். மார்ச் மாத வெயில் கஞ்சத்தனமாகத்தான் வந்தது. ஆனாலும் தவளையின் வயிறு நாளுக்கு நாள் வெளுத்தது. விமானமும் தயாராகி, மூக்கில் மட்டும் வெறுமையாக நின்றது.

ஈஸ்டருக்கு முன் ஜன்னல் கழுவாத வீடு அந்த ஊரில் வீடே இல்லை. இதை ராடொவான் மறந்துபோனான். மாமியார் க்வியேதா மறக்கவில்லை. ஈஸ்டருக்கு மூன்று நாள் முன்னால், பெரிய வியாழனன்று, மகளும் மருமகனும் வேலைக்குப் போயிருக்கிறார்களே, பாவம் என்று தன்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்து, வாளியும் வினிகருமாக இறங்கிவிட்டாள்.

ராடொவான் வேலை முடிந்து வந்தபோது வீடே பளபளத்தது. படுக்கையறைக்கு ஓடினான். ஈரத்தில் ஊறிய காகிதம் கழன்று குப்பைக்கூடையில் கிடந்தது. தவளை மட்டும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தது. அதன் முன் க்வியேதா நின்றாள், கையில் பிளேடு.

"அம்மா, வேண்டாம்!"

"என்ன வேண்டாம்? இது யாருன்னு தெரியுமா உனக்கு?"

தெரியாது என்றான். அவள் பிளேடால் சுட்டினாள்.

"நான்தான். அந்தக் கண்ணப் பாரு. பொண்டாட்டிய அச்சா வரைஞ்சிருக்கான்னு படைமுகாமே சிரிச்சுது. இருந்த போட்டோவையெல்லாம் அடுப்புல போட்டேன். இப்ப நீ என்னன்னா தெருவே பாக்க ஜன்னல்ல ஒட்டி வச்சிருக்க."

 ராடொவான், கேலி செய்ய ஒட்டவில்லை என்று சத்தியம் செய்து, ஒளித்து வைத்திருந்த விமானத்தை எடுத்து வந்து காட்டினான். இந்தத் தவளை போனால் வேறு தவளை உலகத்தில் இல்லை என்றான். அவள் விமானத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குட்டிச் சக்கரங்களைக்கூட அழுக்காக்கி வைத்திருப்பதைப் பார்த்து, இதையாவது கழுவியிருக்கலாமே என்றாள். பிறகு பிளேடைப் பையில் போட்டாள்.

"காஞ்சு போறதுக்குள்ள எப்படி எடுப்ப?"

அவன் குனிந்து பார்த்தான். தவளையின் முகம் கண்ணாடியைப் பார்த்திருந்தது. ஒட்டும் பக்கம் அறையைப் பார்த்திருந்தது. அப்படியானால் தவளையை விமானத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். விமானத்தைத் தவளையிடம் கொண்டுவந்தால் போதும். தூரிகையால் சொட்டுச் சொட்டாக நீர்விட்டுத் தளர்த்தினான். க்வியேதா விமானத்தை இரண்டு கையாலும் ஏந்தி, அவன் சொன்னபடி மூக்கைக் கண்ணாடியில் சாய்த்து மெல்ல உருட்டினாள். இவோனா உள்ளே வந்து, இருவரும் ஜன்னலோடு ஒட்டி மூச்சடக்கி நிற்பதைக் கண்டு கதவருகிலேயே நின்றுவிட்டாள். தவளை கண்ணாடியை விட்டது. விமானத்தைப் பிடித்தது. வாயருகே மட்டும் ஒரு சுருக்கம் விழுந்து, எவ்வளவு நீவியும் போகவில்லை.

சனிக்கிழமை உருளைக்கிழங்கு சாலட்டுக்கும் ஈஸ்டருக்கான ஆட்டுக்குட்டி வடிவ கேக்குக்கும் நடுவில் விமானத்தை வைத்தார்கள். அலோயிஸ் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.  பிறகு பயந்த பார்வையுடன் மனைவி பக்கம் திரும்பி, இது தன் வேலை இல்லை என்றார்.

"தெரியும். ஒட்டினது நான்தான்," என்றாள் க்வியேதா.

அவர் மறுபடி குனிந்து, தவளையின் வாயருகே விழுந்திருந்த சுருக்கத்தைப் பார்த்தார். "நான் வரைஞ்சப்ப இது சிரிக்கலையே."

"அப்ப எனக்குக் கோவம்," என்று சொல்லி அவர் தட்டில் சாலட்டை அள்ளி வைத்தாள். அலோயிஸ் சிரித்த சிரிப்பில் கேக்கின் மேலிருந்த சர்க்கரைத் தூள் பறந்து விமானத்தின் இறக்கையில் படிந்தது.