கறை போகத் தேய்த்தேன்

தை மாதம் வந்தால் எனக்குக் கழுத்து போய்விடும். ஹட்டன் கடைவீதியில் மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் அழகு நிலையத்தில் நகம் செய்கிறவள் நான். காலையில் குனிந்தால் கடை அடைக்கும்போதுதான் நிமிர்வேன். ஒரு மணப்பெண்ணின் பத்து நகங்களுக்கும் முதலில் அடிப்பூச்சு, அதன்மேல் இரண்டு நிறங்கள், அதன்மேல் பூவோ கொடியோ, அதன்மேல் மினுக்கக் கல், எல்லாவற்றுக்கும் மேலே காப்புக்கு இன்னொரு பூச்சு. ஒவ்வொரு பூச்சும் சின்ன விளக்குப் பெட்டிக்குள் காய வேண்டும். கண்ணும் எரியும், மூக்கும் எரியும். "உக்காந்த எடத்துல பூ வரையிறதெல்லாம் ஒரு வேலையா?" என்று மலையில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர்கள் கேட்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. மழையில் நிற்கிறவர்கள் கேட்கலாம். ஆனால் உட்கார்ந்த இடத்திலும் முதுகு ஒடியும் என்பதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

வருகிறவர்களும் பலவிதம். துணிக்கடை முதலாளியின் மருமகள் மாதத்தில் தொழுகை இல்லாத நாட்களில் மட்டும் வருவார். தொழுகைக்கு முன் கை கழுவும்போது நகத்தில் தண்ணீர் பட வேண்டும் என்பதால், நினைத்த நேரத்தில் உரித்துவிடக்கூடிய பூச்சுதான் அவருக்கு. நுவரெலியாவிலிருந்து ஒரு டீச்சர் வருவார். அவருக்கு நகம் சேலையோடு பொருந்தவும் வேண்டும், திங்கட்கிழமை பள்ளிக்கூட அதிபர் கண்ணில் படாமலும் இருக்க வேண்டும். நானும் சரி சரி என்று தலையாட்டுவேன். களைத்துப் போனவளுக்கு வாதாடத் தெம்பு இருக்காது.

தோட்டத்திலிருந்து மணப்பெண்கள் வந்தால் மட்டும் நான் நகம் தேய்க்கும் அரத்தை எடுத்து மேசைக்குள் போட்டுவிடுவேன். அவர்களுடைய விரல்களில் கொழுந்துக் கறை கறுப்பாக ஏறியிருக்கும். நகத்தின் ஓரத்திலும் விரல் வெடிப்புகளிலும் அது குடியேறிவிட்டால் சோப்புக்கும் போகாது, எலுமிச்சம்பழத்துக்கும் போகாது. "கொஞ்சம் தேய்ச்சு விடுங்கக்கா" என்று கெஞ்சுவார்கள். மாட்டேன் என்பேன். கூட வேலை செய்கிற பிள்ளைகள் இதை என் சோம்பேறித்தனம் என்று நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். என் அக்காவின் நகங்களை அவர்கள் பார்த்ததில்லை.

நான் இந்தத் தொழிலைப் படித்தது இதே ஊரில், ஆறு மாத வகுப்பில். அப்போது இந்த அழகு நிலையத்தில் எனக்கு வேலை முடி கூட்டுவதும் வெந்நீர் வைப்பதும்தான். சோதனையில் தேறிச் சான்றிதழ் கொண்டுவந்தால் நகம் செய்யும் நாற்காலியைத் தருவதாக முதலாளியம்மா சொல்லியிருந்தார். தேறாவிட்டால் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். நான் மூன்று மாதம் கொழுந்து எடுத்துவிட்டு, ஏலாது என்று ஓடி வந்தவள். திரும்பிப் போய்ப் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்பதை நினைக்கவும் எனக்கு விருப்பமில்லை.

சோதனைக்கு ஒவ்வொருவரும் ஒரு கை கொண்டுவர வேண்டும். வகுப்பில் அப்படித்தான் சொல்வோம். "உன் கை யாரு?" என்று கேட்டால், உனக்குச் சோதனையில் நகம் நீட்டப் போகிறவள் யார் என்று அர்த்தம். மற்றவர்கள் மாதக்கணக்காகத் தேடி, மெழுகு மாதிரிக் கை உள்ள பிள்ளைகளைப் பிடித்து வைத்திருந்தார்கள். என் கை ஃபோன் கடையில் நின்ற ஒரு பிள்ளை. சோதனைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமையும் கடை திறக்கிறார்கள், வர முடியாது என்று சொல்லிவிட்டாள்.

அழுதுகொண்டு அக்காவுக்கு ஃபோன் போட்டேன். அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். டயகம பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கிறாள், இரண்டு பிள்ளைகள். "ஏன்டி ஊரெல்லாம் கை தேடுற? எனக்கு ரெண்டு கை இருக்குல்ல" என்றாள். வாரத்தில் அவளுக்கு இருக்கிற ஒரே ஓய்வு ஞாயிற்றுக்கிழமைதான். அதைத் தருகிறேன் என்கிறாள். எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது பயம். அந்தக் கையையா கொண்டுபோவது என்றுதான் முதலில் நினைத்தேன். அதை இன்றைக்கு எழுதும்போதும் கூசுகிறது.

சனிக்கிழமை மத்தியானமே அரம், எலுமிச்சம்பழம், அப்பச்சோடா எல்லாம் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அக்கா பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, முகம்கூடக் கழுவாமல், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்தாள். வெளிச்சம் போவதற்குள் முடிக்க வேண்டும். முதலில் வெந்நீரில் ஊற வைத்தேன். பிறகு எலுமிச்சம்பழத்தால் தேய்த்தேன். வெடிப்புகளில் புளிப்பு இறங்கி அக்கா "ஸ்ஸ்" என்றாள். கறை கொஞ்சம் மங்கியது, போகவில்லை. அப்புறம் அரத்தை எடுத்தேன்.

நகத்தின் மேல்பரப்பை லேசாகச் சொரசொரப்பாக்கினால் போதும், பூச்சு பிடித்துக்கொள்ளும். வகுப்பில் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். எனக்கு அது போதவில்லை. கட்டைவிரலைத் தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு பழுப்பாகி, பழுப்பு மஞ்சளாகி, மஞ்சளுக்கு அடியில் ரோஸ் நிறம் தெரிந்தது. அதைக் கண்டதும் வெறி பிடித்துக்கொண்டது. ஒரு விரல் வெளுத்தால் அடுத்த விரல் கறுப்பாகத் தெரிகிறதே. பத்தையும் தேய்த்தேன். வாசல்படி முழுக்க வெள்ளைத் தூள்.

"கழுதை தேஞ்சு கட்டெறும்பான கதையா போகுதுடி. கொஞ்சம் நகத்தை மிச்சம் வை, நாளன்னைக்கு மலைக்குப் போகணும்" என்றாள் அக்கா, சிரித்துக்கொண்டே.

"சும்மா இருக்கா. நகந்தானே, வளரும்" என்றேன்.

மறுநாள் சோதனை. கீழே கருநீலம், நுனியில் ஊதா, இரண்டும் நடுவில் கலந்து மறைய வேண்டும். மோதிர விரலில் வெள்ளைப் பூ, பூவின் நடுவில் ஒரு கல். பூச்சு வைத்து அக்காவின் கையை விளக்குப் பெட்டிக்குள் விட்டேன். சட்டென்று வெளியே இழுத்தாள். "சுடுதுடி" என்று என் காதோடு சொன்னாள். மற்ற மேசைகளில் யாரும் கையை இழுக்கவில்லை. நகம் மெலிந்துவிட்டால் அந்தப் பூச்சு காயும்போது சதை வேகிற மாதிரிச் சூடு ஏறும் என்று எனக்குத் தெரியும். படித்திருந்தேன். தெரிந்துகொண்டே, "கொஞ்சம் பொறுக்கா, பாக்குறாங்க" என்று சொல்லி அந்தக் கையைப் பிடித்து மறுபடியும் உள்ளே தள்ளினேன். ஐந்து பூச்சு, இரண்டு கை. மேசைக்குக் கீழே அக்காவின் கால் பெருவிரல் தரையைக் கீறிக்கொண்டிருந்தது. முகத்தில் மட்டும் ஒன்றும் காட்டவில்லை.

சோதிக்க வந்தவர் கண்டியிலிருந்து வந்த சிங்கள மேடம். பூவைப் பார்த்தார், நிறம் கலந்த இடத்தைப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு அக்காவின் கட்டைவிரலை எடுத்து நகத்தை மெல்ல அழுத்தினார். அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏன் இவ்வளவு தேய்த்தாய் என்று மேடம் சிங்களத்தில் கேட்டார். கறை இருந்தது மேடம் என்றேன்.

"இருந்தால் என்ன?" என்றார் அவர். "கருநீலம் பூசப்போகிறாய். முதல் பூச்சிலேயே எந்தக் கறையும் மறைந்துவிடாதா? பூச்சு எதற்கு இருக்கிறது?"

எனக்கு வந்தது ஆத்திரம். கண்டிக்காரிக்குக் கொழுந்துக் கறையைப் பற்றி என்ன தெரியும் என்று மனசுக்குள் வைதேன். அவர் சொன்னது சரி என்பதால்தான் அவ்வளவு ஆத்திரம். அந்தக் கறை சோதனைக்கு ஒரு தடையே இல்லை.

சோதனை முடிந்ததும் அந்தப் பூச்சை ஊறவைத்து எடுத்திருக்க வேண்டும். அரை மணி நேர வேலை. டயகம பஸ் புறப்பட நின்றது. அதைவிட, லயத்தில் நாலு பேர் பார்க்கட்டுமே என்று எனக்கு ஓர் ஆசை. "அப்படியே போக்கா, ரெண்டு கிழமைக்கு அசையாது" என்று பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு, அறைக்குப் போய்ப் படுத்துத் தூங்கினேன்.

இரண்டு வாரம் கழித்து நான் தேறிவிட்ட செய்தி வந்தது. நாற்காலி எனக்குத்தான் என்று முதலாளியம்மாவும் சொல்லிவிட்டார். பேக்கரியில் ஒரு கேக் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அக்கா அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள், இடது கையால். வலது கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் பழைய துணி சுற்றியிருந்தது.

"என்னக்கா இது?"

"ஒன்னுமில்ல, கத்தி பட்டுருச்சு" என்றாள்.

"பொய்யி சித்தி" என்றாள் அவளுடைய சின்ன மகள். ஏழு வயதுக்காரிக்கு எதையும் மறைக்கத் தெரியாது. நடந்ததை அவள்தான் ஒப்பித்தாள். அந்தத் திங்கட்கிழமை மலையில் எல்லாப் பெண்களும் அக்காவை "மகாராணி வந்துட்டாங்க, வழி விடுங்க" என்று கேலி பண்ணியிருக்கிறார்கள். அக்காவும் கையை ஆட்டிச் சிரித்திருக்கிறாள். கொழுந்து நிறுக்கும்போது கங்காணி கண்ணில் மினுக்கக் கல் பட்டுவிட்டது. நகத்திலிருந்து உதிர்ந்து கூடையில் கிடந்திருக்கிறது. "இது ஃபெக்டரிக்குப் போற கொழுந்தா, கல்யாண வீட்டுத் தட்டா? நாளைக்கு இந்த நகத்தோட மலைப்பக்கம் வராத" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டிருக்கிறார். தேயிலையில் வேறு எந்தச் சாமானும் கலக்கக் கூடாது என்பது சட்டம். அவரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

பூச்சை எப்படி எடுப்பது என்று நான் அக்காவுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் எனக்கு ஃபோன் போடவும் இல்லை. நான் வேலையில் இருப்பேனாம், தொந்தரவாம். அன்று சாயங்காலமே சின்னக் கத்தியாலும் பல்லாலும் ஒவ்வொன்றாக உரித்து எடுத்திருக்கிறாள். பூச்சோடு நகமும் வந்திருக்கிறது.

துணியை அவிழ்க்கச் சொன்னேன். மாட்டேன் என்றாள். நானே அவிழ்த்தேன். கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்து சதை வரைக்கும் போயிருந்தது. கொழுந்தை ஒடிக்கிறது அந்தக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான். அந்தப் பிளவுக்குள்ளும் கறை இறங்கியிருந்தது. அப்படியென்றால் இந்த விரலை வைத்துக்கொண்டுதான் இரண்டு கிழமையும் மலைக்குப் போயிருக்கிறாள். மற்ற விரல்களில் நகம் தாள் மாதிரி இருந்தது.

நான் அழுதேன். கேக்கைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மன்னிச்சுக்கக்கா, எனக்குப் புத்தி இல்லை, சோதனை பயத்தில் செய்துவிட்டேன் என்று என்னென்னவோ சொன்னேன். அக்கா இடது கையில் ஒட்டியிருந்த மாவைக் கழுவினாள். பிறகு மகளைப் பக்கத்து வீட்டுக்குப் போய் விளையாடச் சொல்லி அனுப்பினாள்.

"சோதனைக்காகத் தேய்க்கலடி நீ" என்றாள். "அந்த மேடம் சிங்களத்துல சொன்னது எனக்கும் வெளங்குச்சு. கறை கெடந்தாலும் நீ பாஸாகியிருப்ப. ஒன்னு கேக்குறேன், மறைக்காம சொல்லு. அத்தன பேரு முன்னால என் கைய வைக்க ஒனக்கு வெக்கமா இருந்துச்சா?"

இல்லக்கா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொய் சொல்லவும் களைப்பாக இருந்தது.

"ஆமாக்கா" என்றேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அக்கா அவிழ்ந்து கிடந்த துணியை எடுத்து, கட்டைவிரலில் திரும்பவும் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"எனக்குந்தான்டி வெக்கமா இருந்துச்சு" என்றாள். "அதான் நீ தேய்க்கையில வலிச்சும் கைய எடுக்கல."